கொல்லைப்புறத்துச் செங்கல் அடுப்பு

கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதையுண்ட பாம்பெயி நகரத்து ரொட்டிக் கடைகளில், கவிழ்த்த சட்டி போன்ற செங்கல் அடுப்புகளை இன்றும் காணலாம். அருகிலுள்ள நேப்பிள்ஸ் நகரின் பீட்ஸா அடுப்பும் அந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே.

அத்தகைய அடுப்பை வீட்டுக் கொல்லையில் கட்ட விழைவோர் அறிய வேண்டிய சூட்சுமம், வாயிலின் உயரம் உட்கூரையின் உயரத்தில் ஏறத்தாழ 63 சதவீதமாக அமைய வேண்டும் என்பதாகும். ஏனெனில், அது மிகுந்தால் உஷ்ணம் வெளியேறிவிடும், குறைந்தால் காற்றின்றி விறகு புகையுமேயன்றிச் சுடர்விடாது. ஈர மணலைக் குவித்துத் தட்டி, அதன்மேல் கடும் உஷ்ணம் தாங்கும் செங்கற்களை வட்டம் வட்டமாக அடுக்கி, சாந்து இறுகியபின் மணலை வாயில் வழியே தோண்டி எடுத்துவிட்டால், கவிகை தன் பாரத்தைத் தானே தாங்கி நிற்கும்.

ஆயினும் அன்றே பெருநெருப்பு மூட்டலாகாது. சாந்திலுள்ள ஈரம் திடீரென ஆவியானால் சுவர் பிளந்துவிடுமாதலால், சில நாட்கள் சிறு தீயிட்டுப் படிப்படியாக வளர்க்க வேண்டும். பின்னர், புகைக்கரி படிந்து கறுத்த உட்கூரை, கரி எரிந்து வெளுக்கும் தருணமே அடுப்பு பக்குவமடைந்ததற்கு அடையாளம்; நன்கு காய்ந்த அவ்வடுப்பில் பீட்ஸா வேக ஒன்றரை நிமிஷம் போதும்.