நுரைப்புனலில் தண்டும் அதன் பிணைப்பும்



கண்டி வாவிக் கரையை விட்டுத் தென்கிழக்கே மேலேறிச் செல்லும் வீதி அம்பிட்டியவை அடைகின்றது. இந்தியாவிற்கும் இலங்கைக்கும் குருமாரைப் பயிற்றிய பாப்பரசர் குருமடம் 1893 ஆம் ஆண்டில் தோன்றியது இம்மேட்டிலேதான்; 1955 இல் அது பூனாவுக்குப் பெயர்ந்தது. அம்மேட்டிலிருந்து கிழக்குப் புறமாக இறங்குவோர் மகாவலி கங்கையைச் சந்திக்காமற் போக முடியாது. மேற்கு, வடக்கு, கிழக்கு என மூன்று திசையிலும் கண்டியை வளைத்துக்கொண்டு ஓடும் ஆறு அது. மலைநாட்டு மன்னருக்கு அதுவே அகழியாகவும் இருந்தது.

கண்டி இராச்சியத்திலே பத்தொன்பது ஆண்டு சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில் இவ்வாற்றைப் பற்றி எழுதியிருக்கின்றார். பாறைகளும் வீழ்ச்சிகளும் மலிந்த ஆறாகையால் படகுப் போக்குவரத்துக்கு உதவாது என்பது அவர் கண்ட முடிவு. அவருக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழித்து வந்த வேறு சில ஆங்கிலேயர் அதனை உயிரைக் கொடுத்து அறிந்தனர். 1803 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24 ஆம் திகதி, மேஜர் டேவி என்பவரின் தலைமையில் கண்டியிலிருந்த படை சரணடைந்து, திருகோணமலை நோக்கிப் புறப்பட்டது. வட்டபுளுவத் துறையை அடைந்தபோது மகாவலி பெருகி ஓடியது. படகில்லை. தெப்பம் கட்ட முயன்றனர், கடக்க முடியவில்லை. அக்கரை கண்ணுக்குத் தெரிய, இக்கரையில் அகப்பட்டு நின்ற அப்படையினருள் மிகப் பெரும்பாலோர் இரண்டொரு நாளில் மாண்டனர். அரசியற் காரணங்களை வரலாற்றாசிரியர் விரித்துரைப்பர். நீரின் வேகத்தை மாத்திரம் நோக்குவோர்க்கு அதிலே வேறொரு செய்தியும் உண்டு. மரத்தைக் கட்டி மிதக்க விடுவது எளிது. மிதப்பதை ஓடும் நீரில் தன் விருப்பப்படி செலுத்துவதே அரிது.

அச்செலுத்தும் வித்தையில், பலரும் கருதாத ஒரு சிறு உறுப்பைப் பற்றியதே இன்றைய பேச்சு. தண்டு என்னும் நீண்ட கோலைத் தெப்பத்தின் விளிம்போடு எவ்வாறு பிணைப்பது என்பதே கேள்வி.

முதலில் ஒரு சொல் விளக்கம் வேண்டும். பேச்சு வழக்கில் துடுப்பும் தண்டும் ஒன்றெனவே வழங்குகின்றன. கரையோரத்தார் அப்படி மயங்குவதில்லை. கையிற் பிடித்து, வேறெதிலும் ஊன்றாமல் நீரைத் தள்ளுவது துடுப்பு. படகின் விளிம்பில் ஓரிடத்தில் ஊன்றி, நெம்புகோல் போல வலிப்பது தண்டு. ஆதலாலேதான் துடுப்புப் போடுதல் என்றும் தண்டு வலித்தல் என்றும் வெவ்வேறு வினை வந்தது. துடுப்புக்குப் பிணைப்பு வேண்டியதில்லை; போடுபவனின் கையே அதன் பிணைப்பு. தண்டுக்கோ பிணைப்பே உயிர்.

இலங்கையிலே நுரைப்புனலில் தெப்பம் விடும் விளையாட்டுக்குப் பேர்போன இடம் கித்துல்கல. கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேன வழியாகச் சென்றால் களனி கங்கையின் மேற்பாகத்தில் அது கிடைக்கும். குவாய் நதிப் பாலம் பற்றிய ஆங்கிலத் திரைப்படத்தை எடுத்த இடம் அது. படம் 1957 இல் வெளிவந்தது. காற்றடைத்த றப்பர்த் தெப்பத்தின் இரு மருங்கிலும் ஆட்கள் அமர்ந்து துடுப்புப் போடுவர். பின்புறத்தில் வழிகாட்டி அமர்ந்து, தன் துடுப்பையே சுக்கானாகக் கொண்டு திசை காட்டுவான். இடுங்கிய ஆறு, நெருங்கிய பாறை, குறுகிய பயணம் என்னும் இம்மூன்றுக்கும் துடுப்பே ஏற்றது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அம்முறைக்கு ஒரு குறை உண்டு. வழிகாட்டி இட்ட கட்டளையை ஆறு பேரோ எட்டுப் பேரோ ஒரே கணத்தில் நிறைவேற்ற வேண்டும். அன்று காலையில் முதன்முறையாகத் துடுப்பைத் தொட்டவரும் அவருள் இருப்பார். அச்சத்தினால் ஒருவர் கையை நிறுத்திவிட்டால் தெப்பம் பக்கவாட்டில் திரும்பிப் பாறையில் மோதும். இயலாதவரையோ பொருட்சுமையையோ ஏற்றிச் செல்லும்போது இது பெருந்துன்பமாகும். அத்தகைய வேளைக்கென்றே மற்றொரு முறை பிறந்தது. தெப்பத்தின் நடுவில் உலோகக் குழாய்களாலோ மரத்தாலோ ஒரு சட்டம் பொருத்தி, அதன்மேல் ஒருவன் அமர்ந்து, இருபுறமும் நீண்ட இரண்டு தண்டுகளால் தெப்பம் முழுவதையும் ஆள்வது அம்முறை.

அவ்வாறு ஆள்பவன் எத்திசை நோக்கி அமர்வது? குளத்திலும் கடலிலும் தண்டு வலிப்போர் செல்லும் திசைக்கு முதுகு காட்டியே இருப்பர். 1869 இல் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் இறங்கிய போவலின் குழுவினரும் அவ்வாறே வலித்தனர். வருகின்ற பாறையைக் காணாமல் அதனை நோக்கி வேகமாக வலிப்பது எத்தகைய பேதைமை என்பதை இன்று சிறுவனும் சொல்வான். அன்று அதுவே வழக்கம். 1890 களில் நதானியேல் கல்லோவே என்னும் பொறிவேட்டைக்காரர் அவ்வாறுகளிலே ஆபத்தை முகத்துக்கு நேரே வைத்து அமர்ந்து, அதிலிருந்து விலகும் வண்ணம் பின்னோக்கி வலிக்கும் முறையைக் கையாண்டு பரப்பினார். படகைச் சற்றுச் சரித்து வைத்து மேல்நீரை நோக்கி வலித்தால், ஆறே அதனைக் கரைக்குக் கரை நகர்த்திவிடும். இன்றும் தண்டுத் தெப்பக்காரர் கைக்கொள்வது இதுவே. இம்முறையில் ஒவ்வொரு வலிப்பும் தப்புவதற்கான வலிப்பு. ஒன்று தவறினால் மறு வலிப்புக்கு நேரமிராது. பிணைப்பைப் பற்றிய வாதம் இவ்வளவு சூடாக நடப்பதற்குக் காரணமும் இதுதான்.

இனிப் பிணைப்புக்கு வருவோம். மிகப் பழையது முளையும் கயிறும். விளிம்பிலே ஒரு முளையை அடித்து, கயிற்று வளையத்தினால் தண்டை அதனோடு சேர்ப்பது. ஓசையில்லை, செலவில்லை, அறுந்தால் அங்கேயே வேறொன்று முடிந்துகொள்ளலாம். இந்து சமுத்திரக் கரையார் இதனை நெடுங்காலம் அறிவர். சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன், கப்பலிலிருந்து பிரயாணிகளைக் கரைசேர்த்த மசூலாப் படகுகளை இங்கே நினைவுகூரலாம். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றினால் தைத்த படகுகள் அவை. அலை மோதும்போது அவை வளைந்து கொடுத்தன. ஆணி அறைந்த ஐரோப்பியப் படகுகள் அதே அலையில் உடைந்தன. வளையும் உடலும் அதற்கேற்ற தளர்ந்த பிணைப்பும் வேண்டும் என்னும் அறிவு, றப்பர்த் தெப்பம் வருவதற்கு எவ்வளவோ முன்பே நம்மவரிடம் இருந்தது. எனினும் ஈரத்திற் கயிறு தளர்வதும், தண்டின் அலகு கையில் நில்லாமற் புரள்வதும் அதன் குற்றங்கள்.

இக்காலத்தில் போட்டியிடுபவை இரண்டு. முதலாவது, முளையும் கவ்வியும். சட்டத்தின்மேல் நிமிர்ந்து நிற்கும் உருக்கு முளையை, தண்டிலே இறுகப் பூட்டிய ஓர் உலோகக் கவ்வி பற்றிக்கொள்ளும். கவ்வி தண்டோடு அசையாமல் நிற்பதால், அலகு எப்போதும் நீருக்குச் செங்குத்தாகவே இறங்கும். இதன் பயனை உணர வேண்டுமானால், நுரை கண்ணை மறைக்கும் ஓர் அலையின் நடுவில் இருப்பவனை எண்ணிப் பார்க்க வேண்டும். தன் அலகு எவ்வாறு நிற்கின்றது என்பதை அவன் காண முடியாது. அலகு சாய்ந்து இறங்கினால் நீரை வெட்டிக்கொண்டு ஆழத்துக்குப் பாயும், அல்லது மேலே வழுக்கும். இரண்டிலும் வலிப்பு வீண். முளையும் கவ்வியும் உள்ளவனுக்கு அக்கவலையே இல்லை. புதிதாகப் பயில்வோரும் பேரலை ஆறுகளிற் செல்வோரும் இதனை விரும்புவது இயல்பே.

இரண்டாவது, கவை. கவணுக்கு வெட்டும் கவர்க்கோலைப் போன்ற வடிவில் வெண்கலத்தாலோ வேறு உலோகத்தாலோ வார்த்த ஒரு தாங்கி. அதன் காம்பு சட்டத்திலுள்ள குழியில் இறங்கிச் சுழலும். இரு கொம்புகளுக்கும் இடையே தண்டு கிடக்கும். தேயாதிருக்கத் தண்டைச் சுற்றிக் கயிறு வரிந்து, நழுவி ஆற்றில் விழாதிருக்க உட்புறத்தில் ஒரு றப்பர் வளையத்தைத் தடையாக இடுவர். இதிலே தண்டு உருளும். ஆகவே அலகைத் தட்டையாகத் திருப்பிக் காற்றையும் அலைமுகட்டையும் கிழித்துக்கொண்டு முன்னே கொண்டுபோகலாம். அதனினும் பெரிய நன்மை, தண்டை உள்ளே இழுத்துக்கொள்ளலாம் என்பது. இரு பாறைகளுக்கிடையே தெப்பம் நுழையுமளவே வழி இருக்கும்போது, நீட்டி நிற்கும் தண்டு பெரும் பகையாகும். கவையுடையவன் ஒரு கணத்தில் அதனை உள்ளே இழுத்து, வழி கடந்ததும் வெளியே நீட்டிவிடுவான். கவ்வியுடையவனுக்கு அது இயலாது. கைப்பிடியை முன்னே தள்ளி, அலகைத் தெப்பத்தின் பக்கத்தோடு ஒட்டிப் பின்செல்ல விடுவதே அவனால் ஆவது.

பாறையில் அலகு மோதினால் என்ன நிகழும் என்பதே உண்மையான உரைகல். இங்கே சிறிது கணக்கு உதவும். தண்டில் மூன்றில் ஒரு பங்கு உள்ளேயும் இரு பங்கு வெளியேயும் இருப்பது பொதுவான அளவு. கையினால் 30 கிலோ எடையளவு இழுத்தால் அலகில் 15 கிலோ அளவு செல்லும். பிணைப்போ இரண்டையும் கூட்டி 45 கிலோவைத் தாங்கும். இது அமைதியாக வலிக்கும்போது. அலகு பாறையிடுக்கில் அகப்பட்டு, ஆளும் சுமையுமாக அரைத் தொன்னுக்கு மேற்பட்ட தெப்பத்தை ஆறு தள்ளிக்கொண்டே இருக்குமானால், ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே தீரவேண்டும். கவ்வி முளையை விட்டுத் தெறிக்கலாம், கவையிலிருந்து தண்டு எகிறலாம், தண்டே முறியலாம். எதுவும் விட்டுக்கொடாவிட்டால் கைப்பிடி வலிப்பவனின் மார்பில் வந்து இடிக்கும். ஆதலால், ஒருபோதும் கழலாத பிணைப்பே சிறந்த பிணைப்பு என்று எண்ணுவது தவறு. கழல வேண்டிய வேளையிற் கழன்று, மீண்டும் விரைவிற் பூட்டத்தக்கதாய் இருப்பதே வேண்டும். இவ்வகையிற் கவைக்கே ஒரு படி மேலான இடம் தரலாம். தெறித்த கவ்வியைத் துள்ளும் தெப்பத்தில் மீண்டும் முளைமேல் அழுத்திப் பூட்டுவது, ஊசியில் நூல் கோப்பதற்கு ஒப்பான வேலை. மேலும், நிமிர்ந்து நிற்கும் உருக்கு முளைமேல் ஒருவர் விழுந்தால் ஏற்படும் காயத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இணக்கமும் உண்டு. கவையினுள் தண்டு உருளாதபடி, தண்டிலே ஒரு தட்டையான துண்டைப் பூட்டுகின்றனர். அது கவையில் அமர்ந்திருக்கும்வரை அலகு செங்குத்தாகவே நிற்கும். வேண்டும்போது தண்டைச் சற்று நகர்த்தினால் உருளும். கை பழகியபின் துண்டையே கழற்றிவிடலாம். கைத்தடியூன்றி நடக்கப் பழகிப் பின் தடியை விடுவதைப் போல. தேர்ந்தவர் சிலர் இதனை எள்ளி நகையாடுவர். மணிக்கட்டு தானே அலகின் சாய்வை அறிய வேண்டும், பொருளை நம்பினால் கை மழுங்கிவிடும் என்பது அவர் கட்சி. அதில் உண்மை உண்டு. ஆனால் அவ்வாறு சொல்பவர் பல பருவம் ஆற்றிற் கிடந்தவர். கேட்பவனோ நாளை மறுநாள் தெப்பத்தில் நால்வரை ஏற்றப்போகின்றவன். அந்நால்வரின் பக்கம் நின்று பார்த்தால், அவன் அத்துண்டை வைத்துக்கொள்வதே நன்று.

அம்பிட்டியவிலோ குருதெனியவிலோ உள்ள இளைஞர் இருவர், கித்துல்கலவில் சில காலம் துடுப்புப் போட்டபின், சொந்தமாக ஒரு தண்டுத் தெப்பம் அமைக்க எண்ணுகின்றனர் என வைத்துக்கொள்வோம். எதனைத் தேர்வது? மலைநாட்டு ஆறுகள் பேரலை ஆறுகள் அல்ல. பாறை நெருங்கிய ஆறுகள். மகாவலியின் நீரைப் பொல்கொல்லவில் 1976 முதல் திருப்பிவிடுகின்றனர். கீழே 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை 1985 இல் எழுந்து, பழைய பள்ளத்தாக்கை நீர்த்தேக்கம் ஆக்கிவிட்டது. களனியின் மேற்பாகமோ பொல்பிட்டிய மின் நிலையம் விடும் நீரைப் பொறுத்தது. அண்மை ஆண்டுகளில் புரோட்லண்ட்ஸ் மின் திட்டமும் அங்கே சேர்ந்துகொண்டது. நேற்று மூழ்கியிருந்த பாறை இன்று தலைகாட்டும். இன்று காய்ந்த திட்டு ஒரு மணி நேரத்தில் நுரையாகும். வழியின் அகலமே நாளுக்கு நாள் மாறும் இத்தகைய நீரில், தண்டை உள்ளே இழுக்க இயலாத முறையைத் தேர்வது துணிவு, அறிவாகாது. கவையும், தொடக்கத்தில் அந்தத் தட்டைத் துண்டும் அவர்களுக்குப் போதும். பதினான்கடித் தெப்பத்துக்கு ஒன்பது, பத்தடித் தண்டு பொருந்தும். கைப்பிடிகள் இரண்டும் நடுவில் ஒன்றையொன்று இடித்து விரலை நசுக்காதபடி சில அங்குல இடைவெளி விட வேண்டும். தண்டின் நீளமும் சட்டத்தின் அகலமும் ஒன்றுக்கொன்று இசையாவிட்டால் எப்பிணைப்பும் பயன்படாது. பலர் தண்டை முதலில் வாங்கிவிட்டுப் பின்னரே சட்டத்தை அளக்கின்றனர்.

வெண்கலக் கவையை வாங்கியவுடன் அதன் கொம்புகளின் இடைவெளியைத் தண்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மிக விரிந்திருந்தால் முதல் அலையிலேயே தண்டு எகிறிவிடும். மிகக் குறுகினால் மோதும்போது விடாது. காம்பின் அடியிலே, கவை மேலெழும்பாதபடி தடுக்கும் சிறு கம்பி ஊசி ஒன்று உண்டு. விலை மிகச் சொற்பம். பெருஞ்செலவில் வாங்கிய தெப்பம், தண்டு, தலைக்கவசம், மிதப்பு அங்கி எல்லாம் இருந்தும், அவ்வூசி துருப்பிடித்து விழுந்தமையால் நடு ஆற்றிலே கவையையும் தண்டையும் ஒருங்கே இழக்க நேரிடும். ஆகையால் பழகியவர் மேலதிகத் தண்டு ஒன்றைச் சட்டத்தோடு கட்டி வைப்பர். மேலதிகக் கவை ஒன்றையும் ஊசிகள் நான்கைந்தையும் சிறு பையிலிட்டுத் தெப்பத்திலேயே பிணைத்திருப்பர். தெப்பத்தை நீரில் இறக்குமுன், காற்றையும் கயிற்றையும் பார்ப்பதற்கு முன்னதாகவே குனிந்து, காம்பின் அடியை விரலால் தடவிப் பார்ப்பர்.