வல்லாரைக்கு வல்லாரை என்றே பெயர்



வரப்போரத்திலும் வாய்க்காற் கரையிலும் ஈரங்கண்ட இடமெல்லாம் படர்ந்து, கணுதோறும் வேரூன்றிச் செல்லும் ஒரு சிறு பூண்டைப் பற்றியே பேச வந்துள்ளேன். நீண்ட காம்பு, சிறுநீரக வடிவில், ஓரம் அலை அலையாய் வெட்டுண்ட இலை, இலைமறைவில் செந்நிறச் சிறு பூ. அதன் பெயர் வல்லாரை. ஆரை என்பதும் ஈரநிலக் கீரையே. வல் என்னும் அடை மருந்து வலிமையைக் குறித்ததாகலாம் என்பது என் கருத்து.

இதனைச் சிலர் 'சரசுவதிக் கீரை' ஆக்கினர். மருந்துக் கடைகளிலோ 'பிரமி' எனவும் விற்கின்றனர். இது வெறும் மொழிவழக்கன்று, உடல்நலம் பற்றியது. பிரமி என்னும் அவ் வடசொல் வடபுலத்தில் பெரும்பாலும் வல்லாரையைக் குறிக்கும். கேரளத்திலோ நீர்ப்பிரமி என்னும் வேறொரு பூண்டைக் குறிக்கும். இரண்டும் ஈரநிலத்தில் படர்வன என்பதன்றி வேறு உறவில்லாதவை. வல்லாரை கொத்துமல்லிக் குடும்பத்தது. மற்றையது தடித்த சிற்றிலை உடையது. பிரமி கேட்பவன் கையில் எது வந்து சேரும்? வல்லாரை என்று கேட்பவனுக்கு இவ்விடர் உண்டா?

அயலான் ஒருவன் இப்பெயரை மதித்தான். கி.பி. 1855-இல் புதுச்சேரியிலிருந்த பிரஞ்சு மருந்தாளர் இலெப்பீன், இப்பூண்டை ஆய்ந்து தாம் பிரித்தெடுத்த பொருளுக்கு 'வெல்லாரின்' எனப் பெயரிட்டார். வல்லாரை என்னும் தமிழ்ச் சொல்லே அதற்கு அடி! நாமோ அச்சொல்லைக் கைவிடுகின்றோம். 1868-இல் வெளிவந்த இந்திய மருந்து நூலிலும் வல்லாரை இடம்பெற்றது. தொழுநோய்ப் புண்ணுக்கு அதனை அக்காலத்தே பயன்படுத்தினர். இன்றும் புண்ணாற்றும் களிம்புகளில் அதன் வடிசாறு சேர்கின்றது.

நம்மவர் இலையை அரைத்துப் புண்ணுக்கும் வீக்கத்துக்கும் பற்றிடுவர்; நிழலில் உலர்த்திப் பொடித்துப் பாலிற் கலந்து கொடுப்பர்; துவையலாக்குவர். யாழ்ப்பாணத்தார் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துச் சம்பல் செய்வர். சுவையில் அதற்கே என் முதலிடம்.

நினைவாற்றலைப் பெருக்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. இக்கால ஆய்வுகள் அதனை இன்னும் உறுதியாக நிறுவவில்லை. இல்லாததை ஏற்றிச் சொல்லித் தமிழ் மருத்துவத்துக்குப் பெருமை தேட வேண்டா. மிகுதியாக நெடுநாள் உண்டோர் சிலர்க்குக் கல்லீரற் கேடு நேர்ந்ததும் பதிவாகியுள்ளது. கருவுற்ற மகளிர் மருந்தாக உண்ணலாகாது. கழிவுநீர் ஓடும் இடத்தில் பறிக்கவே கூடாது; அங்குள்ள மாழை நஞ்சுகளை இது உறிஞ்சிக்கொள்ளும்.

கிணற்றடியில் ஒரு கணுவை ஊன்றினால் போதும். ஒரு மழைக்குள் வீட்டுக்கு வேண்டியது படர்ந்துவிடும். கடையில் வாங்குவோர், 'வல்லாரையா, நீர்ப்பிரமியா?' எனக் கேட்டுப் பொதியின்மேல் தமிழில் எழுதி வாங்குங்கள்.