கிட் தெருவிலிருந்து வரும் குப்பி

மாசமாக இருக்கும் பெண் முதல்முறையாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ரத்தம் எடுப்பார்கள். ரத்தப் பிரிவு, ஹீமோகுளோபின், சர்க்கரை என்று எழுதிய சீட்டில் வி.டி.ஆர்.எல். என்றும் ஒரு வரி இருக்கும். "இது எதுக்கு சிஸ்டர்?" என்றால், "எல்லாருக்கும் எடுக்கிறதுதாம்மா" என்பார்கள். பொய்யில்லை, ஆனால் பாதிப் பதில்.

சிபிலிஸ் என்கிற மேகநோய் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. பழைய ஆட்கள் கிரந்தி என்பார்கள். கைக்குழந்தையின் உடம்பில் எது சிவந்து தடித்தாலும் அதையும் கிரந்தி என்பது தனிக் குழப்பம்! தாய்க்கு வலி எதுவும் இல்லாமலே நோய் உள்ளே கிடக்கும். நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். கரு கலையலாம், பிள்ளை செத்துப் பிறக்கலாம், பிழைத்தாலும் எலும்பிலோ கல்லீரலிலோ கோளாறோடு பிறக்கலாம்.

சோதனை எளிது. தெளிந்த சீரத்தை 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, வட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விடுவார்கள். அதன்மேல் ஆன்டிஜென் ஒரு சொட்டு. தகட்டை நான்கு நிமிடம் சுழலவிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். துகள்கள் திரிதிரியாகச் சேர்ந்திருந்தால் சந்தேகம், பரவலாக மிதந்தால் நிம்மதி. மலேரியாவிலும் தொழுநோயிலும்கூடச் சில சமயம் திரியும் என்பதால், உறுதி செய்ய வேறொரு சோதனையும் உண்டு.

அந்த ஆன்டிஜென் குப்பி எங்கிருந்து வருகிறது? கொல்கத்தாவில் இந்திய அருங்காட்சியகத்துக்கு அருகே கிட் தெருவில் மத்திய அரசின் சீராலஜி நிறுவனம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இம்பீரியல் சீராலஜிஸ்ட் அலுவலகமாகத் தொடங்கி, கொலை வழக்குகளின் ரத்தக் கறைகளைப் பார்த்துச் சொன்ன இடம். நாட்டின் பல மூலைகளில் உள்ள ஆய்வகங்களுக்கு வி.டி.ஆர்.எல். ஆன்டிஜென் நெடுங்காலமாக இங்கிருந்து போயிருக்கிறது.

இந்தச் சோதனையின் பூர்வகதையைப் படித்தபோது கொஞ்சம் நடுங்கினேன். 1906இல் ஜெர்மனியில் வாசர்மன் குழு முதல் சோதனையைச் செய்தபோது, ஆன்டிஜெனை எடுத்தது பிறவியிலேயே மேகநோய் தாக்கி இறந்த சிசுக்களின் கல்லீரலிலிருந்து. பிறகுதான் மாட்டு இதயத்திலும் அதே பொருள் கிடைக்கும் என்று தெரிந்தது. 1941இல் மேரி பாங்போர்ன் அதைப் பிரித்தெடுத்துக் கார்டியோலிப்பின் என்று பெயரிட்டார்.

இனி, அதே ரத்தத்தில் பார்த்த எச்.ஐ.வி.க்கு வருவோம். இந்தியாவின் முதல் தொற்றுகளை 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழு கண்டறிந்தது. 1998 முதல் நாடு முழுக்கக் கண்காணிப்பு மையங்கள் வந்தன. நோய் எந்த அளவு பரவியிருக்கிறது என்று அறிய, கர்ப்பிணிகளில் ஒரு மையத்துக்கு 400 பேர் என்று வைத்துக்கொண்டார்கள். தனியாக ரத்தம் எடுக்கவில்லை. மேகநோய்ச் சோதனைக்கு எடுத்ததில் கொஞ்சம் பிரித்து, பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டுச் சோதித்தார்கள். கிழக்கிந்தியக் கண்காணிப்பில் கொல்கத்தா பேலியாகட்டாவில் அன்று தேசியக் காலரா, குடல்நோய் நிறுவனம் என்ற பெயரில் இருந்த ஆய்வு நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு. 1962இல் காலராவுக்காகத் தொடங்கிய நிறுவனம் அது.

பெயர் இல்லாததால் கணக்கு ஒழுங்காக வந்தது. ஆனால் குழாயில் கிருமி இருந்தால் அது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்து இல்லாத நாளில் அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். பிள்ளைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிராபின் மருந்தை 2002இல் கொடுக்கத் தொடங்கிய பிறகும் அதே நியாயத்தைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. விரும்பினால் அதே ஆஸ்பத்திரியின் எச்.ஐ.வி. சோதனை மையமான நம்பிக்கை மையத்தில் பெயரோடு சோதித்துக்கொள்ளலாம் என்பார்கள். அதற்கு யாராவது அந்தக் கர்ப்பிணியைக் கையைப் பிடித்து அங்கே அழைத்துப் போக வேண்டுமே?

இன்று மருந்துக்குக் குறைவில்லை. மேகநோய் தெரிந்தால் பெரும்பாலும் 24 லட்சம் யூனிட் பென்சிலின் ஊசி, பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னாலாவது போட்டாக வேண்டும். எச்.ஐ.வி. என்றால் வாழ்நாள் முழுக்க மாத்திரை. 2014 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அதுதான் முறை. எதுவும் செய்யாவிட்டால் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றும். ஒழுங்காகச் செய்தால் ஐந்துக்கும் கீழே.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு கறார் உண்டு. மேகநோய் உள்ள தாய்க்குச் சரியான சிகிச்சை கிடைக்காவிட்டால், பிள்ளைக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் அது நோயாளி என்றே பதிவாகும். போடாமல் விட்ட ஊசி அங்கே எண்ணப்படுகிறது. 'ஒழித்துவிட்டோம்' என்பதற்கும் அளவு உண்டு: லட்சம் பிறப்புக்கு 50க்கு மேல் போகக் கூடாது. பக்கத்தில் இலங்கை இந்த அளவை எட்டி, இரண்டு நோய்களும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவாமல் தடுத்ததற்கு 2019இல் சான்று வாங்கிவிட்டது.

பிள்ளையைச் சோதிப்பதில் ஒரு சிக்கல். தாயின் எதிர்ப்பொருள் பதினெட்டு மாதம் வரைகூடக் குழந்தையின் ரத்தத்தில் நிற்கும். வழக்கமான எச்.ஐ.வி. சோதனை செய்தால் தாயின் நிழல்தான் தெரியும். அதனால் ஆறாவது வாரம் பிஞ்சுக் குதிகாலில் குத்தி, வட்டம் போட்ட தாளில் சொட்டுகளை விட்டு, கிருமியையே தேடுகிறார்கள். வெயில் படாமல் குறைந்தது நான்கு மணி நேரம் தாள் உலர வேண்டும். கொல்கத்தாவின் ஆடி, ஆவணி ஈரக்காற்றில் நேரம் கூடும். பிறகு ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பையில் போட்டு, கிழக்கிந்திய ஊர்களிலிருந்து அதே பேலியாகட்டா நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள்.

முடிவு வருவதற்குள் தாய் பிறந்த வீட்டுக்குப் போயிருப்பாள், செல்பேசி எண் மாறியிருக்கும். ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் அவள் மறுபடி வர வேண்டும். கடைசிச் சோதனை பதினெட்டாவது மாதம். அதற்குள் பிள்ளை நடக்கத் தொடங்கியிருக்கும். சிஸ்டர் குதிகாலைத் தேட வேண்டியிருக்காது, ஓடுகிற பிள்ளையைப் பிடித்து உட்காரவைக்க வேண்டியிருக்கும்.