மோட்டர் ஓடுது, தண்ணீர் ஏறவில்லை

(அளவெட்டியில் மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1990இல் வலிகாமம் வடக்கை விட்டுப் போனவர்களும், 1995 ஒக்ரோபரில் வலிகாமமே வெளிக்கிட்டபோது போனவர்களும் இங்கே இருக்கிறீர்கள். திரும்பி வந்தவுடன் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். வருடம் முழுவதும் ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான். சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைநீரே எங்கள் குடிநீர்.

கிணற்றுக்குக் கிட்டப் போகுமுன், உங்கள் காணியில் கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். கைவிட்ட கிணறுகளுக்குள் வெடிபொருட்களும் கிடக்கலாம். சந்தேகமான எதையும் தொடாமல், அந்த இடத்தை விட்டு விலகி, 119க்கு அறிவியுங்கள்.

இனி மோட்டர். ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் உடனே புது மோட்டர் வாங்க வேண்டாம். அனேகமாகப் பிழை மோட்டரில் இல்லை. குழாய்க்குள் காற்று போகிறது. கீழிருந்து மேலாக இப்படிப் பாருங்கள்.

முதலில், கயிறு விட்டு மோட்டரிலிருந்து நீர்மட்டம் வரை அளவுங்கள். மேலே வைத்து உறிஞ்சும் மோட்டர், எவ்வளவு பெரிதானாலும், 7 மீற்றருக்குக் கீழிருந்து எடுக்கச் சிரமப்படும். கோடையில் மட்டும் தண்ணீர் ஏறாமல் விட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இரண்டாவது, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மோட்டரின் மேல்மூடியைத் திறந்து தண்ணீர் நிரப்புங்கள். சற்று நேரத்தில் மட்டம் இறங்கினால் புட்வால்வ் தண்ணீரைப் பிடிக்கவில்லை. குழாயை இரண்டு மூன்று பேராகக் கயிற்றால் மேலே இழுத்தெடுத்து, வால்வில் சிக்கிய சேறு, வேர், இலையைக் கழுவுங்கள். வாசர் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

மூன்றாவது, மட்டம் இறங்காமல் நின்றும் தண்ணீர் வரவில்லையா? உறிஞ்சும் குழாயின் பொருத்துகளைப் பாருங்கள். அங்கே ஓட்டை இருந்தாலும் வெளியே சொட்டாது. மோட்டர் ஓடும்போது காற்றைத்தான் உள்ளே இழுக்கும். மோட்டரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, கிணற்றுப் பக்கக் குழாயின் பொருத்துகளில் மட்டும் ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மோட்டரில் தண்ணீர் படக்கூடாது. எந்த இடத்தில் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் பிழை. தண்ணீர் இல்லாமல் நீண்ட நேரம் ஓடவிட்டால் மோட்டரின் சீல் கருகிவிடும்.

மரையுள்ள பொருத்தானால் கழற்றித் துடைத்து, இறுக்கும் திசையிலேயே சீல் ரேப் சுற்றுங்கள். பிவிசி குழாய் வெடித்திருந்தால் மேலே ரேப் ஒட்டிப் பயனில்லை. வெடித்த துண்டை நேராக வெட்டியெடுத்து, ஈரமும் தூசியும் போகத் துடைத்து, சொக்கற்றைப் பசை பூசிப் பொருத்துங்கள். பசை நன்றாகக் காயும்வரை தண்ணீர் விட வேண்டாம்.

இரண்டு வேலைகளை மட்டும் நீங்களே செய்யக்கூடாது. ஒன்று, மின்கம்பி. ஆண்டுக்கணக்காகக் கிடந்த வயரை மின் வேலை தெரிந்தவர் பார்த்த பிறகே சுவிச்சைப் போடுங்கள். மற்றது, கிணற்றுக்குள் இறங்குவது. நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் மூச்சுக்குக் காற்றுப் போதாமல் இருக்கலாம். மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் மிசினைக் கிணற்றுக்குள் இறக்கி இறைத்தால் புகையிலுள்ள நஞ்சுவாயு உள்ளேயே தங்கும். அதற்கு மணம் இல்லை. ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இறங்குபவரும் மயங்குவார். மிசின் வெளியே நிற்கட்டும். சேறு எடுக்கும் வேலையைப் பழக்கப்பட்டவர்களிடம் விடுங்கள்.

தண்ணீர் வந்துவிட்டது என்று உடனே குடிக்க வேண்டாம். கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தபின், பொது சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் இடுவியுங்கள். தண்ணீரைப் பரிசோதிக்கவும் கேளுங்கள். அதுவரை கொதித்தாறிய நீரே குடியுங்கள். ஆனால் கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும்; தோட்டப் பசளையிலிருந்து ஊறிய நைத்திரேற்றோ எண்ணெயோ போகாது. கைக்குழந்தைக்கு மாப்பால் கரைக்கும் வீட்டில் பரிசோதனை முடிவு வரும்வரை வேறு பாதுகாப்பான தண்ணீரைப் பாவியுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.