இடுப்பு வலி என்றால் எந்த இடம்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"இடுப்பு வலிக்குது" என்று சொல்லும்போது நம் கை எங்கே போகிறது? பெரும்பாலும் முதுகின் அடிப்பக்கத்துக்கு. அது அநேகமாக முதுகெலும்பு, தசை சார்ந்த வலி. இடுப்பு மூட்டு வேறு. தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பின் குழியில் பொருந்தும் இடம் அது. அங்கே கோளாறு என்றால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரியும். நாம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்போம்!

காரணங்களைப் பார்ப்போம்.

தேய்மானம்: வயதானவர்களுக்கு அதிகம். காலையில் எழுந்ததும் விறைப்பு இருக்கும். சம்மணம் போடவும், கால் நகம் வெட்டவும், சாக்ஸ் மாட்டவும் சிரமப்படுவார்கள்.

பக்கவாட்டு வலி: ஒருக்களித்துப் படுத்தால் வலிக்கும், படியேறினால் கூடும். தசைநார் கோளாறுதான். முறையான பயிற்சியில் பெரும்பாலும் குறையும்.

ரத்த ஓட்டம் குறைதல்: பந்துக்கு ரத்தம் போகாமல் எலும்பு சிதைகிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு, அதிக மது ஆகியவை காரணங்கள். நம் பகுதியில் இன்னொன்றும் உண்டு: அரிவாள் செல் ரத்தசோகை. இந்தியாவில் அந்தத் தன்மை 1952இல் முதன்முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். ஆகவே இளவயதுக்காரர் ஒருவர் நொண்டி நடந்தால், தோட்ட வேலை அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கலாம், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும்.

எலும்பு முறிவு: இதை என் வீட்டிலேயே பார்த்தேன். மழைநாளில் அம்மா வாசற்படியில் வழுக்கி விழுந்தார். சுளுக்கு என்று நினைத்து இரண்டு நாள் எண்ணெய் தேய்த்தோம். மூன்றாம் நாள்தான் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருப்பது தெரிந்தது. விழுந்த அன்றே அந்தக் கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. எங்களுக்கு அது புரியவில்லை. உங்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பெரியவர்கள் விழுந்து எழ முடியாவிட்டால் நடக்க வைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். 108ஐ அழையுங்கள். காலதாமதம் உயிருக்கே ஆபத்து.

காய்ச்சலோடு இடுப்பு வலி, காலை ஊன்ற முடியாமை, இரவில் தூங்கவிடாத வலி இருந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் படிகளின் பாசியைச் சுரண்டி, கைப்பிடியும் விளக்கும் சரிசெய்துவிடுவோம். அறுவை சிகிச்சையைவிட அது மலிவு.