எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது

(மும்பையில் சங்கக் கிளைகளின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் செல்போன். விலைவாசி ஏறிக் கிடக்கிறது, வேலை நிலையில்லை, வீடு நிலையில்லை, இந்த நேரத்தில் செல்போனுக்கு ஒரு கூட்டமா என்று சிலர் கேட்கக்கூடும். கூலி, வீடு, ரேஷன் ஆகிய மூன்றையும் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். இந்த மூன்றுக்காகவும் நாம் எந்த அலுவலகப் படியேறினாலும் அங்கே நம்மைப் பார்த்துக் கேட்கப்படுவது ஒரே கேள்வி: "சான்று எங்கே?" அந்தச் சான்றைக் காசு செலவில்லாமல் சேர்த்து வைக்கும் கருவி இன்று நம் சட்டைப்பையிலும் முந்தானை முடிச்சிலும் இருக்கிறது. காலை வணக்கப் படமும் சினிமாத் துண்டும் அனுப்புவதோடு அதை நாம் நிறுத்திக்கொள்ளலாமா?

2020-ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டோம். மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு அறிவித்தார்கள். நள்ளிரவில் நாடு பூட்டப்பட்டது. லட்சோப லட்சம் தொழிலாளர்கள் குழந்தை குட்டிகளோடு நடந்தே ஊர் போனார்கள். வழியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று மக்களவையில் கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட விவரம் ஏதும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்து மூலம் பதில் தந்தது. இழப்பீடு கொடுத்தீர்களா? விவரமே இல்லாதபோது அந்தக் கேள்வி எழவில்லை என்றது பதில்!

கவனியுங்கள் தோழர்களே. கணக்கு இல்லை என்றால் பிணமும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் அதே காலத்தில் தன்னார்வலர்கள் சிலர், பத்திரிகைச் செய்திகளை நாள்வாரியாகத் திரட்டி, பசியாலும் களைப்பாலும் சாலை, ரயில் விபத்துகளாலும் நேர்ந்த மரணங்களைப் பட்டியலிட்டு இணையத்தில் வைத்தார்கள். ஜூலை தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் 900-க்கு மேற்பட்ட மரணங்கள் இருந்தன. பெரிய அலுவலகமோ சர்க்கார் பணமோ இல்லாமல் அதைச் செய்தார்கள். சர்க்கார் வைக்காத கணக்கை மக்களே வைக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

முதலில் கூலிக்கு வருவோம்.

2019-இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கையும் தொழிற்சங்கங்கள் எதிர்த்து வந்திருக்கின்றன. அதைத் தனிக் கூட்டம் போட்டுப் பேசுவோம். ஆனால் எதிரி வகுத்த சட்டத்திலும் நமக்குப் பயன்படும் வரி இருந்தால் அதை விடக்கூடாது. கூலி பாக்கி என்று நாம் மனு கொடுத்தால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. மனு கொடுக்க மூன்றாண்டு அவகாசம் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் நம்மவர் தோற்பது எங்கே? "இந்த ஆள் என்னிடம் வேலையே செய்யவில்லை" என்று முகாதம் சொல்லும் இடத்தில்தான் தோற்கிறார்கள்.

அதற்கு மருந்து இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நம் எண்ணுக்கே நாம் செய்தி அனுப்பிக்கொள்ளலாம். தினமும் வேலை முடிந்ததும் நான்கு விஷயம் பதியுங்கள்: எந்த இடம், யாரிடம் வேலை, பேசிய கூலி, கைக்கு வந்த கூலி. தேதியும் நேரமும் தானாகவே விழும். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்லிக் குரல் செய்தியாக வைக்கலாம். தமிழில் பேசினால் தமிழிலேயே எழுத்தாக்கும் வசதியும் போனின் விசைப்பலகையிலேயே உண்டு.

அடுத்தது இதைவிட முக்கியம். சனிக்கிழமைதோறும் முகாதமுக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள்: "அண்ணா, இந்த வாரம் நாங்கள் ஆறு பேர் ஐந்து நாள் வேலை செய்தோம், இரண்டு நாள் கூலி பாக்கி." அவர் "சரி, திங்கள்கிழமை தருகிறேன்" என்று பதில் போட்டால் அதுதான் சாட்சி. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அவர் கையாலேயே அவர் கணக்கு எழுதப்படுகிறது. மறையும் செய்தி என்றொரு அமைப்பு அதில் இருக்கிறது. அதை அணைத்து வையுங்கள். போன் மாற்றும்போது அந்த உரையாடலை முழுதாக மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கும் இதையே சொல்கிறோம். எத்தனை வீடு, எந்தத் தேதியில் சேர்ந்தது, தீபாவளிக்கு என்ன பேசியது, எல்லாம் பதிவில் இருக்கட்டும். வீட்டில் ஒரே போன், அதுவும் ஆண்பிள்ளை பையில் என்ற நிலை நம்மில் பல குடும்பங்களில் இருக்கிறது. உழைத்தவள் கணக்கு உழைத்தவள் கையில் இருக்க வேண்டும். இதைச் சங்கத்தின் கொள்கையாகவே சொல்கிறோம்.

இரண்டாவது வீடு.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த நம் முன்னோர் சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடியேறிய இடம் தாராவி. மறுமேம்பாட்டுத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் அங்கே வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாகக் காட்டுபவர்க்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்கிறது திட்டம். அதன்பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்க்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால் 300 சதுர அடி. மேல் மாடிக்காரர்களுக்கு வாடகை வீடு. இந்தப் பாகுபாட்டை எதிர்ப்பது ஒரு வேலை. எதிர்க்கும்போதே நம் காகிதத்தைக் காப்பது இன்னொரு வேலை. கால் நூற்றாண்டுக்கு முந்திய லைட் பில்லும் வாக்காளர் பட்டியல் பக்கமும் இன்று ஒரு குடும்பத்தின் கூரை. அந்தக் கூரை தகரப் பெட்டியில், கரையான் வாயில், ஜூலை மாத மழைத் தண்ணீரில் கிடக்கிறது.

கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிபி இடம் இலவசம். ஒரு குடும்பத்தின் காகிதம் முழுவதும் அதில் ஒரு மூலைக்குக் காணாது. டிரைவ் என்ற ஆப்பிலேயே காகிதத்தைப் படம் பிடித்து நேராக்கிச் சேமிக்கும் வசதி இருக்கிறது. பெயர் வைக்கும்போது ஆண்டை முதலில் வையுங்கள்: "1998 லைட் பில்", "1999 ரேஷன் கார்டு" என்று. அப்போது தேடாமலே வரிசையாக நிற்கும். ஆதார் போன்ற சர்க்கார் ஆவணங்களுக்கு டிஜிலாக்கர் இருக்கிறது. ஆனால் பழைய லைட் பில் அதில் வராது, நாம்தான் சேர்க்க வேண்டும். படம் எடுத்தாயிற்று என்று அசலைத் தூக்கிப் போடாதீர்கள். அதிகாரி கேட்பது அசலைத்தான்.

மராத்தியில் ஒரு நோட்டீஸ் கதவில் ஒட்டப்பட்டால் பதறி ஓட வேண்டாம். கூகுள் மொழிபெயர்ப்பில் காமிராவை அதன்மேல் காட்டினால் தமிழில் படிக்கலாம். விஷயம் என்ன, கடைசித் தேதி எது என்று புரிந்துகொள்ள அது போதும். கையெழுத்துப் போடுவதற்கு முன் மட்டும் மராத்தி தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

மூன்றாவது, சர்க்காரைக் கேள்வி கேட்பது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு இணையத்திலேயே மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்க்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும்; தராவிட்டால் முதல் மேல்முறையீடு இலவசம். மகாராஷ்டிர அரசுக்குத் தனி இணையதளம் இருக்கிறது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம். நம் பிள்ளைகள் படித்த படிப்பு தெருவுக்கும் கொஞ்சம் உதவட்டும்.

ரயில்வேயில் வேலை பார்ப்பதால் அதிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறோம். ரயில் நிலையத்தைக் கூட்டிப் பெருக்குகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒப்பந்தக்காரர் உண்மையில் என்ன கொடுக்கிறார்? பிஎஃப் கட்டுகிறாரா? தம் பில்லோடு அவர் அலுவலகத்தில் கொடுத்த கூலிப் பட்டியலின் நகலையும், பிஎஃப் சலான் நகலையும் மாதம் குறிப்பிட்டுக் கேளுங்கள். "ஏன் அநியாயம் செய்கிறீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. எந்தக் காகிதம், எந்த மாதம், எந்த நிலையம் என்று கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம்.

நான்காவது, நம் சங்க வேலை. வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை சேரலாம். ஆனால் கூட்ட அறிவிப்பு காலையில் வந்தால் மாலைக்குள் வாழ்த்துப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு குழு வைப்போம். ஒன்று பேச்சுக்கு. மற்றது அறிவிப்புக்கு, அதில் பொறுப்பாளர்கள் மட்டுமே எழுதலாம். உறுப்பினர் சந்தா, மருத்துவ உதவி ஆகிய கணக்குகளைக் கூகுள் ஷீட்டில் வைப்போம். அது வேறொன்றுமில்லை, அலுவலகத்தில் நாம் எழுதும் பேரேடுதான். எழுதும் உரிமை மூவருக்கு, பார்க்கும் உரிமை எல்லா உறுப்பினருக்கும். யார் எப்போது எதை மாற்றினார் என்ற சரித்திரம் அதிலேயே இருக்கும். சந்தாப் பணத்தில் சந்தேகம் வந்து உடைந்த சங்கங்கள் எத்தனை! திறந்த கணக்கு ஒற்றுமையின் காவல். தொலைவில் உள்ள கிளைகள் கூகுள் மீட்டில் கூடலாம். மூன்று பேருக்கு மேற்பட்டால் ஒரு மணி நேரம் வரை இலவசம். நம் பேச்சாளர்களுக்கு அந்த வரம்பு நன்மையே செய்யும்!

இனி எச்சரிக்கை. இலவசம் என்று எந்த முதலாளியும் எதையும் கொடுப்பதில்லை. நம் பழக்கவழக்க விவரமே அவர்களுக்குச் சரக்கு. இலவசக் கடையை அவர்கள் நினைத்தபோது மூடுவார்கள். ஒரு காலத்தில் ஊரெல்லாம் இருந்த ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது. இரண்டாண்டு தொடாமல் கிடக்கும் கூகுள் கணக்கை அந்த நிறுவனம் அழித்துவிடலாம். ஆகவே மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். சங்கக் கணக்கை மாதம் ஒருமுறை காகிதத்தில் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். ஆதார் படத்தைக் குழுவில் போடாதீர்கள். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். கூலி பாக்கி கேட்டவர்கள் பட்டியல் வெளியே போனால், நாளை நாக்காவில் அவர்களை எந்த முகாதமும் கூப்பிட மாட்டான். ஆகவே அது பொறுப்பாளர் மூவருக்கு வெளியே போகக்கூடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்சநீதிமன்றம் சொன்னது பணக்காரர்களுக்கு மட்டுமல்ல. குழுவின் சாவி ஒருவரிடமே இருக்க வேண்டாம். மூவரில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும்.

தோழர்களே, செல்போன் போராடாது. ஆயிரம் பேருக்குச் செய்தி அனுப்பிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டால் ஒரு ரூபாய் பாக்கியும் வசூலாகாது. தொழிலாளர் அலுவலக வாசலில் நூறு பேர் நேரில் நிற்க வேண்டும். அந்த நூறு பேர் வெறுங்கையோடு நிற்காமல், ஆளுக்கு ஒரு கணக்கோடு நிற்க வேண்டும் என்பதற்கே இவ்வளவும் சொன்னோம். 

ஆகவே மூன்று வேலைகளை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறோம். தெருவுக்கு மூன்று இளைஞர்கள் முன்வந்து, ஞாயிறுதோறும் வீடு வீடாகப் போய்க் காகிதங்களைப் படம் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தொழிலாளியும் இன்று இரவே முதல் நாள் கூலிக் கணக்கைப் பதிய வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் கிளைக்கு ஒரு தகவல் உரிமை மனு போயிருக்க வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள். நம் வியர்வையை இதுவரை அளக்காமல் போட்டோம். இனி அளப்போம், எழுதுவோம், கேட்போம்!

உழைப்பவர் ஒற்றுமை ஓங்குக!