புகையும் குருதியும்



இல்லத்துப் பெண் சோர்ந்து அமர்ந்தால், "சரியாகச் சாப்பிடுவதில்லை" என்று சொல்லிவிடுவது வழக்கம். இரத்தச்சோகைக்கு உணவுக்குறை பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பழி முழுவதையும் உண்கலத்தின் மேல் சுமத்துதல் தகாது. உள்ளிழுக்கும் காற்றுக்கும் அதில் பங்குண்டு என்பதை அண்மை ஆய்வுகள் உணர்த்துகின்றன.

2019-21இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையோர். தமிழ்நாட்டில் அது 53.4 விழுக்காடு; அதாவது இருவரில் ஒருவருக்கும் மேல். ஒரு டெசிலிட்டர் குருதியில் ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை. கருவுற்ற தாய்க்கு அவ்வெல்லை 11 கிராம்.

டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் உள்ளிட்ட அறிஞர்கள் 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். காற்றில் நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் உயருந்தோறும் பெண்களிடையே சோகையின் பரவல் சராசரியாக 7.23 விழுக்காடு உயர்வதாக அவர்கள் கண்டனர். அத்துகளை நாட்டின் தர அளவாகிய 40 மைக்ரோகிராமுக்குள் நிறுத்தினால், 53 விழுக்காடாக இருந்த சோகை 39.5 ஆகக் குறையும் என்றும் கணித்தனர்.

புகைக்கும் குருதிக்கும் என்ன உறவு? தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கேயுள்ள நுண்துகள் நுரையீரலின் ஆழம் வரை சென்று அழற்சியை உண்டாக்குகிறது. அழற்சி நீடித்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. அது, குடலிலிருந்து இரும்பு குருதிக்குள் புகும் வாயிலை அடைக்கிறது. உடலின் சேமிப்பிலுள்ள இரும்பும் வெளிவர மறுக்கிறது. குதிரில் நெல் நிறைந்திருந்தும் பூட்டுத் திறவாமல் உலை காய்வது போன்ற நிலை அது.

தஞ்சைத் தரணிக்கு வருவோம். முன்பு அரிவாளால் அறுத்துக் களத்தில் அடித்த வைக்கோல், போராக உயர்ந்து மாட்டுக்கு உணவாயிற்று. இன்று அறுவடை இயந்திரம் தாளை உயரமாக விட்டு, வைக்கோலை வயலெங்கும் சிதறிச் செல்கிறது. மாடுகளும் குறைந்துவிட்டன. அதனால் சில இடங்களில் தீ வைத்தலே எளிய வழியாகிவிட்டது. தை, மாசிப் பனியில் அப்புகை மேலெழாமல் ஊர்மேல் தங்குகிறது. மாதவிடாயாலும் மகப்பேற்றாலும் இரும்பை இழக்கும் பெண்ணே விறகடுப்பின் புகையையும் முதலில் ஏற்கிறாள். அடுத்த வயலில் உளுந்து பறிப்பவளும் அவளே.

கரந்தை, மன்னார்குடி, தீபங்குடி முதலிய ஊர்களின் சமணக் குடும்பங்களில் நிலமுடையோர் பலர். அறுவடை முடிந்த வயலில் வைக்கும் தீ, எறும்பு, மண்புழு முதலிய சிற்றுயிர்களையும் எரிக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. வைக்கோலை இயந்திரத்தால் கட்டி மாடு வளர்ப்போர்க்கு விற்கலாம். தாளை மடக்கி உழுது மண்ணுக்கே உரமாக்கலாம். குத்தகைக்கு விடுவோரும் "எரிக்கலாகாது" என்பதை உடன்பாட்டிலேயே சொல்லிவிடலாம்.

புலால் உண்ணாத இல்லங்களில் இன்னொரு கவனமும் தேவை. கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பு உடலில் எளிதில் சேர்வதில்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், பயறு ஆகியவற்றோடு நெல்லிக்கனியோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்கு சேரும். உணவோடு அருந்தும் காப்பி அதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சோர்வுற்ற பெண்ணுக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஈமோகுளோபின் சோதனை செய்வித்து, மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையைத் தவறாது உட்கொள்ளச் செய்தலும் கடமையாகும்.

மாத்திரை தருவது ஒரு கை. புகையை நிறுத்துவது மறு கை. இரண்டும் இணைந்தாலன்றிப் பயன் முழுமை பெறாது. இவ்வாண்டுத் தை அறுவடையில் ஒரு வயலேனும் எரியாமல் நின்றால், அதன் அருகில் உழைக்கும் பெண்களின் மூச்சு அந்த அளவுக்கு எளிதாகும்.